சரிபார்த்தவர்: பார்கவி

மஞ்சள் அறையிலிருந்து நாற்காலிகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அலுவலகத்தில் எல்லா அறைகளுக்கும் மூலிகைப் பெயர்தான். துளசி என்றால் ஆளை வேலைக்கு எடுக்கும் அறை. வேப்பிலை என்றால் ஆளை வீட்டுக்கு அனுப்பும் அறை. மஞ்சளில் ஆறு பார்மசிஸ்டுகள் வரிசையாக உட்கார்ந்து, ஜனங்கள் போனில் படம் பிடித்து அனுப்பும் மருந்துச்சீட்டுகளைத் திரையில் படித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். போன வெள்ளிக்கிழமை ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக வேப்பிலைக்குள் போய்விட்டு வந்தார்கள். திங்கட்கிழமை வரவில்லை. பார்கவி லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். ஜன்னல் ஓர நாற்காலியின் முதுகில் ஊதா நிற ஸ்வெட்டர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ருக்மிணியுடையது. ஏசி குளிர் ஒத்துக்கொள்ளாதவள். நாற்காலியைத் தூக்க வந்தவர் ஸ்வெட்டரைக் கையில் எடுத்து, யாருடையது என்று கேட்பதுபோல் பார்கவியைப் பார்த்தார். அவள் போனைப் பார்த்துக்கொண்டே நகர்ந்துவிட்டாள்.

பார்கவி இந்த அலுவலகத்தில் ப்ராடக்ட் மேனேஜர். வீட்டுக்கே மருந்து கொண்டுவந்து தரும் ஆப்பில் எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும், எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று முடிவு செய்கிறவள். இதைத் திருப்பத்தூரில் இருக்கும் மாமியாருக்கு விளக்குவதற்கு அவள் கணவன் பாலசுப்ரமணியன் ஒருமுறை முயன்றான். மாமியார் பாதியிலேயே புரிந்துகொண்டு, “அப்ப ஐடில இருக்கா, அப்டிச் சொல்லு” என்றார். அத்தோடு பிரச்சினை தீர்ந்தது. அதற்கு முன்னால் பத்துப் பதினோரு வருஷம் பார்கவி பார்மசிஸ்டாக இருந்தபோது, அதே மாமியார் கல்யாண வீடுகளில் “மெடிக்கல்ல நிக்கறா” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார். நிற்கிறாள் என்பதில் தப்பில்லை, நின்றுதான் ஆக வேண்டியிருந்தது. காலையில் நின்றால் இரவு கடை ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டும். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகத் தெரிய ஆரம்பித்த வருஷம்தான் அவள் வேறு வேலையைப் பற்றி நினைத்தாள்.

அவள் நின்ற கடை விவேக் நகரில், குழந்தை யேசு கோயிலுக்குப் போகும் ரோட்டில் இருந்தது. முதலாளி ரவிக்குமார் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு வாய்க்குத் தமிழ், மறு வாய்க்குக் கன்னடம். வியாழக்கிழமை கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் பாதி கடைக்கும் வரும், மாத்திரை வாங்காவிட்டாலும் பிரஷர் பற்றிக் கேட்டுவிட்டுப் போகும். பார்கவிக்கு அங்கே ஒரு பழக்கம் இருந்தது. மருந்துச்சீட்டைப் படித்து, யாருக்கு, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள், சோறு சாப்பிட்டாச்சா என்று நாலு கேள்வி கேட்டு, திருப்தியான பிறகு மாத்திரை அட்டையின் முதுகில் மார்க்கரால் ஒரு வட்டம் போட்டு உள்ளே ‘பா’ என்று எழுதுவாள். தான் பார்த்துவிட்டேன் என்று தனக்கே ஒரு அடையாளத்துக்காக ஆரம்பித்தது. நாளடைவில் வட்டம் இல்லாத அட்டையை அந்த ரோட்டில் பலர் பிரிப்பதில்லை. மற்ற கடையில் வாங்கிய மாத்திரையைக்கூட எடுத்துக்கொண்டு வந்து, “இதுலயும் போட்டுக் குடும்மா” என்று நிற்பார்கள். ரவிக்குமாருக்கு எரிச்சல்தான், ஆனாலும் ஒன்றும் சொல்லமாட்டார்.

சட்டப்படி மருந்துக் கடையில் பதிவுபெற்ற பார்மசிஸ்ட் நிற்க வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் பார்மசிஸ்டின் சர்டிபிகேட் மட்டும் கண்ணாடி போட்டுச் சுவரில் நிற்கும். ஆள் எங்கோ மனை விற்றுக்கொண்டிருப்பார். அதற்கு வாடகை உண்டு. பார்கவியோடு படித்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் குடும்பம் நடத்தினார்கள். ‘படிச்ச படிப்பை வாடகைக்கு விட்டுட்டு எப்படிடி தூக்கம் வருது’ என்று கல்லூரி வாட்ஸாப் குரூப்பில் எழுதி, அதனாலேயே அவள் யாருக்கும் வேண்டாதவளானாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆன்லைனில் ப்ராடக்ட் மேனேஜர் வேலைக்கான ஒரு கோர்ஸ் படித்தாள். கஸ்டமரின் வலி எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள் என்றார்கள் அதில். பார்கவிக்கு அது தெரியாத விஷயமா? முழங்காலில் இருந்தது, முதுகில் இருந்தது, ராத்திரி மூன்றாம் ஜாமத்தில் குழந்தையின் காதில் இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அவர்கள் சொல்வது பட்டனை இரண்டு தடவை அமுக்க வேண்டியிருக்கும் வலி என்று. அதையும் படித்துத் தேர்ந்தாள். வேலை கிடைத்ததும் ரவிக்குமாரிடம் போய்ச் சொன்னபோது அவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். பால்கோவா வரவழைத்தார். அப்புறம் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

“பார்கவிம்மா, நீங்க பேஷா போங்க. சர்டிபிகேட் மட்டும் இங்கயே இருக்கட்டும். மாசாமாசம் வீட்டுக்கே வந்து குடுத்துட்றேன்.”

“நான் இல்லாத எடத்துல என் பேரு எதுக்குண்ணா இருக்கணும்?”

“எல்லாரும் பண்றதுதானேம்மா.”

“எல்லாரும் பண்ணட்டும்.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சுவரிலிருந்து சர்டிபிகேட்டைச் சட்டத்தோடு தானே கழற்றி, புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். ரவிக்குமார் கல்லாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலைக்குச் சேர்ந்த பிறகும் இந்தக் கதையை அவள் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். ரகுராம் அதைக் கேட்டுவிட்டு மேஜையைத் தட்டி, “இப்படிப்பட்ட ஆளுங்கதான் பார்கவி நமக்கு வேணும்” என்றான். ரகுராம் அவளுக்கு மேலதிகாரி. வயதில் அவளைவிடச் சின்னவன், கோயம்புத்தூர்க்காரன், யாரையும் கடிந்து பேசாதவன். கடிந்து பேசாதவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று கோர்ஸில் யாரும் சொல்லித்தரவில்லை.

வட்டத்துக்குள் ‘பா’ போட்ட கதையையும் அவனிடம் சொன்னாள். அதிலிருந்துதான் எல்லாம் வந்தது. அதுவரை பில்லின் அடியில் ஒரு பச்சை டிக் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார்கள். டிக்கை யார் நம்புவார்கள், ஆளைத்தான் நம்புவார்கள் என்று பார்கவி சொன்னாள். டிக்கை எடுத்துவிட்டு ‘சரிபார்த்தவர்: ருக்மிணி’ என்று, யார் பார்த்தார்களோ அவர்கள் பெயரை, பதிவு எண்ணோடு, வாங்குகிறவரின் மொழியிலேயே அச்சடிக்க வைத்தாள். ஒரே மாதத்தில் திரும்பத் திரும்ப வாங்குகிறவர்கள் கூடிவிட்டார்கள். மஞ்சள் அறைக்கே போன் செய்து “ருக்மிணி மேடம் இருக்காங்களா?” என்று கேட்டார்கள். ருக்மிணிக்கு அன்றைக்கெல்லாம் முகத்தில் சிரிப்பு. ரகுராம் கேக் வெட்டினான். பார்கவியை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கவுண்டரில் நின்ற ஒருத்தியின் மார்க்கர் பழக்கம் இத்தனை லட்சம் பேர் கைக்குப் போகிறது என்று நினைத்து அவள் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அது பொய்யான சந்தோஷம் இல்லை.

அடுத்து அவள் செய்ததும் நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். ஆறு பேருக்கும் கண் வலிக்கும் அளவு வேலை. எனவே அளவு மீறிய டோஸ், ஒத்துப்போகாத மருந்துகள், குழந்தைக்குப் பெரியவர் மாத்திரை என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் இன்ஜினியர்களோடு உட்கார்ந்து விதிகளாக எழுதினாள். சந்தேகம் உள்ளதை மென்பொருள் சிவப்பில் காட்டும், அதைப் பார்மசிஸ்ட் நிதானமாகப் பார்ப்பார் என்பதுதான் திட்டம். கொஞ்ச நாளில் சிவப்பு ஆகாததை மென்பொருளே அனுப்ப ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நாளில், சிவப்பு ஆவதே தொல்லையாக இருக்கிறது என்று பல விதிகளைத் தளர்த்தினார்கள். ‘இப்போது வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?’ என்று ஒரு கேள்வி வைத்திருந்தாள். அந்தப் பக்கம் வந்ததும் பலர் ஆப்பை மூடிவிட்டுப் போவதாகக் கணக்குக் காட்டினார்கள். எடுத்துவிடலாம் என்ற முடிவுக்குக் கீழே அவளும் சரி என்றுதான் எழுதினாள். கடைசியில் மஞ்சள் அறைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

நாற்காலிகள் போன அன்று மத்தியானம் ரகுராம் அவளை காபி குடிக்கக் கூப்பிட்டான்.

“ஒரு சின்ன விஷயம் பார்கவி. பில்லுல பேர் வரணும்ல? இப்ப நம்ம கம்பெனி ரோல்ஸ்ல இருக்கற ஒரே ரெஜிஸ்டர்ட் பார்மசிஸ்ட் நீங்கதான்.”

“நான் பாக்கலயே ரகு.”

“நீங்க எழுதின ரூல்ஸ்தானே பாக்குது? அப்ப நீங்க பாக்கற மாதிரிதானுங்க.”

“பாக்கற மாதிரி வேற, பாக்கறது வேற.”

“புது ஆள் எடுக்கற வரைக்கும்தான். நீங்களே இத ப்ளாக் பண்ணா நான் மேல என்னன்னு சொல்றது?” அவன் குரலில் வருத்தம்தான் இருந்தது. “சம்பளம் ஏத்தற அப்ரைசல் டைம் வேற. உங்களுக்காகத்தான் சொல்றேன்.”

சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்றாள். இடத்தில் வந்து உட்கார்ந்தவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ரகுராம் மேல் என்றுதான் நினைத்துக்கொண்டாள். முடியாது என்று சொல்லலாம். சொன்னால் வேப்பிலை. அதற்குப் பிறகு ஏதோ ஒரு கடையில் கவுண்டர். மறுபடி நிற்க வேண்டும். மாமியார் மறுபடி பேச்சை மாற்றுவார். பாலசுப்ரமணியனுக்குப் போன் செய்தாள். “பேருதானே? ஆபீஸ்னா ஆயிரம் இருக்கும்” என்றான் அவன். அவனுக்கு மீட்டிங். சர்டிபிகேட்டின் படம் அவள் போனிலேயே இருந்தது. சாயங்காலம்வரைகூடக் காத்திருக்காமல் அதை ரகுராமுக்கு அனுப்பிவிட்டாள். ரகுராம் கட்டைவிரல் காட்டிப் பதில் அனுப்பினான்.

முதல் வாரம் அவள் நிஜமாகவே பார்க்க முயன்றாள். அதைச் சொல்லாமல் விட்டால் அவளுக்கு அநியாயம் செய்ததாகும். ஆடுகோடியில் இருந்த தன் வீட்டில் விடிவதற்கு முன் எழுந்து, லேப்டாப்பைத் திறந்து, தன் பெயரில் போகும் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒன்றைப் படித்து நிமிர்வதற்குள் பின்னால் வந்ததெல்லாம் அவள் பெயரைச் சுமந்துகொண்டு போய்விட்டிருக்கும். சில நாளில் விட்டுவிட்டாள். புது ஆள் எடுப்பது பற்றி ரகுராமிடம் இரண்டொரு முறை கேட்டாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். அப்ரைசல் நன்றாகவே முடிந்தது.

மழைக்காலத்தில் ஒரு நாள் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. அன்னம்மாள். விவேக் நகர்க் கடைக்கு மாதம் தவறாமல் வருகிறவர். பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார், மகன் துபாயில். பார்கவியின் நம்பரை ரவிக்குமாரிடம் வாங்கியிருந்தார்.

“கண்ணு, நீ எங்கயோ போய்ட்டன்னு நெனச்சினு இருந்தேன். பாத்தா பில்லுல உன் பேரு! என் புள்ளதான் ஊருக்கு வந்தப்ப இந்த ஆப்ப போன்ல போட்டுக் குடுத்தான். எனக்கு மனசு நெறஞ்சிபோச்சு. மொதல்ல எல்லாம் அதுல வர்ற மாத்திரைய ரவிகிட்ட காட்டிட்டுத்தான் போட்டுக்குவேன். இப்ப நீ இருக்க, எனக்கு இன்னா கவல?”

“ஒடம்பு எப்டி இருக்கு ஆன்ட்டி?”

“தல சுத்தினே இருக்குது. காலு வேற வீங்கிக்குது. போன வாரம் பாத்ரூம்ல உழுந்துட்டேன். வயசாயிடுச்சுல்ல.”

பார்கவிக்குள் பழைய ஆள் விழித்துக்கொண்டாள். என்னென்ன மாத்திரை என்று கேட்டாள். எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு எல்லா அட்டைகளையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். வந்த படத்தைப் பெரிதாக்கினாள். இரண்டு அட்டை, இரண்டு கம்பெனி, இரண்டு பெயர், உள்ளே ஒரே பிரஷர் மருந்து. ஒன்று பக்கத்து கிளினிக் டாக்டர் எழுதியது, மற்றது பெரிய ஆஸ்பத்திரியில் எழுதியது. வேறு வேறு நாளில் வந்த சீட்டுகள். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் எந்தத் தப்பும் இல்லை. கவுண்டரில் அரை நிமிஷத்தில் பிடித்திருப்பாள். அன்னம்மாள் ஆறு வாரமாக இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்றை உடனே நிறுத்தச் சொன்னாள். நாளைக்கே டாக்டரைப் பார்க்கச் சொன்னாள்.

“ரெண்டும் ஒண்ணா? நீ பாத்துதானே கண்ணு அனுப்பின?”

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. புரியாமல் கேட்கிற குரல். “நேர்ல வந்து சொல்றேன் ஆன்ட்டி” என்று பார்கவி போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை ஆட்டோவில் போய் இறங்கினாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்திருந்தாள். அந்தப் பெயர் நான் இல்லை ஆன்ட்டி, யாரும் பார்ப்பதில்லை, மாத்திரையை ரவி அண்ணனிடம் காட்டாமல் போடாதீர்கள். மூன்றே வாக்கியம். ஆனால் சந்துக்குள் போக ரவிக்குமார் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் பார்த்துவிட்டார். கடையில் கூட்டம் இல்லை. சுவரில் அவளுடையது இருந்த ஆணியில் யாரோ ஒருவரின் சர்டிபிகேட் தொங்கியது.

“வாங்க மேடம்” என்றார். முன்பெல்லாம் பார்கவிம்மா.

“எப்டி இருக்கீங்கண்ணா?”

“நடக்குது. இந்த ரோட்டுல பாதி வீட்டுக்கு இப்ப உங்க கம்பெனி மாத்திரைதான். பில்லைக் கொண்டாந்து என்கிட்டயே காட்றாங்க. பாரு ரவி, நம்ம பார்கவி பாத்து அனுப்பினதுன்னு.”

“அது வந்து அண்ணா, அங்க சிஸ்டம் என்னன்னா...”

“நா ஒரே ஒரு கடைக்குத்தான் மேடம் கேட்டேன்.”

சொல்லிவிட்டு அவர் ஷெல்ப் பக்கம் திரும்பி, அடுக்கியே இருந்த இருமல் பாட்டில்களை மறுபடி அடுக்க ஆரம்பித்தார். கோபமாகப் பேசியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. கடையில் உட்கார இடம் கிடையாது.

அன்னம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். வலது மணிக்கட்டில் கட்டு, கன்னத்தில் பழுப்பும் பச்சையுமாக ஆறிக்கொண்டிருந்த காயம். பார்கவி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்னம்மாள் உள்ளே கூட்டிப்போய், இருக்கிற ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். எதிர்வீடு, மாடிவீடு, தையல்கடைக்காரி என்று அக்கம்பக்கத்தில் எல்லோரையும் ஆப்பில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். “நம்ம பார்கவியே பாக்கறா, தைரியமா வாங்குங்கன்னு சொல்லிட்டேன்.”

“டாக்டர் என்ன சொன்னாரு ஆன்ட்டி?”

“நல்லா ஏசினாரு. எவன் ரெண்டையும் சேத்துக் குடுத்தான்னு கேட்டாரு. நா உட்டுக்குடுப்பேனா? அனுப்பறவங்க மேல தப்பே இல்ல டாக்டர், எனக்குத் தெரிஞ்ச பொண்ணு, பாத்துதான் அனுப்புவா, எனக்குத்தான் புத்தி கெட்டுப்போயி ரெண்டையும் முழுங்கிட்டேன்னுட்டேன். உன் பேரு கெடக் கூடாதுல்ல.”

ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் முதலாவதை அவள் தேடினாள். இந்த அம்மாள் தன் காயத்துக்குத் தானே பழி ஏற்றுக்கொண்டு அவள் பெயரைக் காப்பாற்றியிருக்கிறார். இனிமேல் உண்மையைச் சொல்வது அதையும் பிடுங்கிக்கொள்வதாகும் என்று ஒரு எண்ணம் வந்தது. சௌகரியமான எண்ணம், அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் வந்தது. அவளுக்கே அது தெரிந்தது. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு ஆரம்பித்தாள்.

“ஆன்ட்டி, ஒண்ணு சொல்லணும். அந்த பில்லுல வர்ற என் பேரு...”

வாசலில் பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் பழுப்புப் பொட்டலத்தை நீட்டிவிட்டு, “அன்னம்மாள்தானே? ஓகே” என்று போய்விட்டார். கை வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை என்றார் அன்னம்மாள். பார்கவி ஆட்டோவில் வந்துகொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பெண் ஆர்டர் போட்டுக் கொடுத்ததாம். கட்டுப்போட்ட கையால் பொட்டலத்தை அழுத்திக்கொண்டு பல்லால் கிழித்தார். பில்லை எட்ட வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கி அடிவரிக்குப் போனார். எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“சரிபார்த்தவர் பார்கவி. ஏண்டி, எப்ப பாத்த? இங்கதான உக்காந்துனு இருக்க!” சந்தோஷத்தில் அவர் குரல் உயர்ந்தது. “வர்ற வழியில போன்லயே பாத்துட்டியா? பலே கில்லாடிதான் நீ.”

பார்கவி எழுந்தாள். “ஆன்ட்டி, அந்த அட்டைய இப்டிக் குடுங்க. நான் ஒரு தடவ பாத்துட்றேன்.”

“பாத்துதான அனுப்பியிருக்க? இன்னும் இன்னாத்துக்குப் பாக்கணும், உக்காரு.”

“இல்ல ஆன்ட்டி, குடுங்க. பிளீஸ்.”

கையை நீட்டிக்கொண்டு அவள் இரண்டடி முன்னால் வந்தாள். அதற்குள் அன்னம்மாள் மாத்திரையை நாக்கில் போட்டு, ஜன்னல் விளிம்பில் இருந்த டம்ளரை எடுத்துக் கழுத்தை அண்ணாந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. வாயைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். பார்கவியின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அதில் காலி டம்ளரை வைத்தார்.